மேசைக்குள் அடங்கும் பாலம்: விகிதம் கற்பிக்க ஒரு ரயில் பாதைத் திட்டம்

விகிதம், விகிதசமம் பாடத்தில் 3 : 5 = ? : 20 என்று கரும்பலகையில் எழுதினால், பெரும்பாலான மாணவர்கள் 12 என்று சொல்லிவிடுகிறார்கள். அதே மாணவர்களிடம், "நம் வகுப்பறையை 160 மடங்கு சிறியதாக்கினால் எவ்வளவு இருக்கும்? கையால் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தீப்பெட்டி அளவைக் காட்டுவார். இன்னொருவர் இரண்டு கைகளையும் விரிப்பார். குறுக்குப் பெருக்கல் அவர்களுக்கு வந்துவிட்டது. ஆனால் அது எந்தப் பொருளையும் தொடவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் நான் மூன்று ஆண்டுகளாக ஒரு செயல்திட்டம் செய்து வருகிறேன். ஒரு வீட்டு மேசையின் மீது மாதிரி ரயில் பாதை அமைப்பதற்கான திட்டத்தை மாணவர்களே வரைய வேண்டும். வண்டி வாங்குவதில்லை, தண்டவாளம் வாங்குவதில்லை. சார்ட் தாள், கிராஃப் தாள், பென்சில், நூல், கத்தரிக்கோல், பழைய அட்டைப்பெட்டி ஆகியவை போதும். மூன்று பாடவேளைகள் ஆகும்.

தரப்பட்டவை, விரும்புபவை

அமெரிக்காவின் ஜான் ஆம்ஸ்ட்ராங், மாதிரி ரயில் பாதைகளைத் திட்டமிடுவதில் பெயர் பெற்றவர். எதையும் வரைவதற்கு முன்னால் இரண்டு பட்டியல்கள் எழுதச் சொன்னவர் அவர். ஒன்று, நம்மால் மாற்ற முடியாதவை. மற்றொன்று, நாம் விரும்புபவை. நம் கணக்குப் புத்தக மொழியில் சொன்னால், முதலாவது "தரப்பட்டவை".

எங்கள் திட்டத்தில் தரப்பட்டது என் வீட்டு மேசை: நீளம் 180 செ.மீ., அகலம் 90 செ.மீ. வண்டி தடம் புரண்டால் தரையில் விழக் கூடாது. அதனால் பாதையின் மையக்கோடு மேசை விளிம்பிலிருந்து குறைந்தது 5 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அடுத்த பக்கத்தில் தடம் புரண்ட வண்டியை எடுக்கக் கை எட்டுமா? மாணவர்கள் தங்கள் கை நீளத்தை அளந்து பார்த்தார்கள். யாருக்கும் 90 செ.மீ. எட்டவில்லை. ஆகவே மேசையின் இரு நீளப் பக்கங்களிலும் ஆள் நிற்க இடம் வேண்டும் என்பதும் தரப்பட்டவற்றில் சேர்ந்தது.

விரும்புபவை பட்டியல் வேகமாக நீண்டது. பாம்பன் பாலம், இரண்டு வண்டிகள் கடக்கும் நிலையம், 22 பெட்டிகள் கொண்ட எக்ஸ்பிரஸ், ஒரு மலைக் குகை, ஒரு பாதை இன்னொரு பாதையின் மேலே ஏறிப் போகும் எட்டு வடிவம். எதையும் நான் மறுக்கவில்லை. மறுக்கும் வேலையைக் கணக்கிடம் விட்டுவிட்டேன்.

எந்த அளவு?

உலகம் முழுவதும் பரவலாக உள்ள மாதிரி ரயில் அளவுகள் இரண்டு. ஒன்று 1:87, இதை எச்.ஓ. அளவு என்பார்கள். மற்றொன்று 1:160, இது 'என்' அளவு. முன்னதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., பின்னதன் இடைவெளி 9 மி.மீ. இரண்டுமே 1435 மி.மீ. கொண்ட உலகத் தர இருப்புப்பாதையிலிருந்து வந்தவை. 1435ஐ 87ஆலும் 160ஆலும் வகுத்துப் பார்த்து மாணவர்களே இதைக் கண்டுபிடிக்கட்டும். நம் நாட்டின் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதைச் சொல்லி, "நம் பாதைக்கு 1:160இல் இடைவெளி எவ்வளவு?" என்று அடுத்த கேள்வியைப் போடலாம். விடை ஏறத்தாழ 10.5 மி.மீ. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. பாதையில் நம் வண்டியின் மாதிரி ஓடினால், பாதை சற்றுக் குறுகலாகத் தெரியும். அது ஏன் என்று இப்போது அவர்களுக்கே புரியும்.

இனி வண்டிக்கு வருவோம். இன்றைய எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் 23.54 மீட்டர். 1:87இல் அது 27 செ.மீ., 1:160இல் 14.7 செ.மீ. அட்டையில் இந்த இரு நீளங்களையும் வெட்டி மேசை மீது வைத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். 22 பெட்டிகளின் நீளத்தைப் பெருக்கினால் 1:87இல் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1:160இல் 3 மீட்டருக்கு மேல். மேசையோ 1.8 மீட்டர். முழு எக்ஸ்பிரஸ் இரண்டு அளவுகளிலும் அடிபட்டுப் போனது.

1:160ஐக் கற்பிக்க ஒரு வசதி உண்டு. உண்மையான 1 மீட்டர் இதில் 6.25 மி.மீ. ஆகும். 160 செ.மீ. உயரமுள்ள மாணவி சரியாக 1 செ.மீ. உயரம் இருப்பாள். ஒவ்வொருவரும் தம் உயரத்தை மாற்றிக் கணக்கிட்டு, அந்த அளவில் காகித மனிதரை வெட்டி வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த எல்லா அளவுகளுக்கும் அந்த ஒரு செ.மீ. மனிதர்தான் அளவுகோல்.

வளைவு கேட்கும் விலை

நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி. அதன் ஆரம் 175 மீட்டர். 1:160இல் இது 109 செ.மீ. அரைவட்டமாகத் திரும்பவே 2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். நம் மேசையின் அகலம் 90 செ.மீ. எனவே எந்த வீட்டு மேசையிலும் வளைவு உண்மையைவிடக் கூர்மையாகவே இருக்கும். எவ்வளவு கூர்மை வரை பெட்டிகள் தாங்கும் என்பதே கேள்வி.

மாதிரி ரயில் அமைப்பவர்கள் ஒரு நடைமுறை விதி வைத்திருக்கிறார்கள். வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியின் நீளத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். 1:87இல் இரண்டு மடங்கு என்றால் 54 செ.மீ.; விட்டம் 108 செ.மீ. மேசைக்கு வெளியே போய்விடுகிறது. நீளமான பயணிகள் பெட்டியை விட்டுச் சிறிய சரக்குப் பெட்டிகளோடு நிறைவடைபவர்கள் 1:87ஐத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் மாணவர்களுக்குப் பயணிகள் வண்டிதான் வேண்டும். எனவே 1:160 என்று முடிவாயிற்று. இரண்டு மடங்கு விதிப்படி ஆரம் ஏறத்தாழ 29 செ.மீ.

அகலத்தைப் பார்த்தால் 40 செ.மீ. ஆரம் வரை போகலாம். பெரிய ஆரம் நல்லதுதானே என்று எல்லோரும் 40ஐச் சொன்னார்கள். நீளத்தைக் கணக்கிட்டபோது நிலைமை மாறியது. மேசையின் நீளத்திலிருந்து இரு முனைகளிலும் ஆரத்தையும் 5 செ.மீ. விளிம்பையும் கழித்தால் கிடைப்பதே நேர்பாதை. ஆரம் 40 என்றால் நேர்பாதை 90 செ.மீ.; 32 என்றால் 106; 28 என்றால் 114. ஆரத்தில் ஒரு செ.மீ. கூட்டினால் நேர்பாதையில் இரண்டு செ.மீ. போய்விடும். இந்தக் கோவையை வரைபடமாகப் போடச் சொன்னேன். கீழ்நோக்கி இறங்கும் நேர்கோடு வந்தது. அதன் சாய்வு −2. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சாய்வின் பொருளை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் பாலம்

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு கைகளைத் தூக்குவதுபோல் உயரும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும். அந்தத் துண்டின் நீளம் 72.5 மீட்டர், 17 மீட்டர் வரை உயரும். மற்றக் கண்கள் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர்.

முழுப் பாலமும் 2 கிலோமீட்டருக்கு மேல். 1:160இல் அதற்கு 12.5 மீட்டருக்கும் அதிகம் தேவை. எங்கள் வகுப்பறையே போதாது. "அப்படியென்றால் பாலத்தை இன்னும் சிறிய அளவில் செய்யலாமா, சார்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பையே யோசிக்கச் சொன்னேன். வண்டி 1:160, பாலம் 1:1000 என்றால், எஞ்சின் பாலத்தைவிட அகலமாக இருக்கும் என்று ஒரு மாணவி பதில் சொன்னாள். அவள் தந்தை பாம்பனில் மீன்பிடிப்பவர். "எல்லாக் கண்ணும் வேண்டாம், சார். தூக்குகிற துண்டு இருந்தால் போதும், பார்த்தவுடனே பாம்பன் என்று தெரியும்" என்றாள்.

மாதிரி ரயில் திட்டத்தின் உயிர்நாடி அந்தப் பதிலில் இருக்கிறது. அளவு விகிதத்தை மாற்றுவது வேறு. எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. ஒவ்வொரு கண்ணும் 1:160இலேயே இருக்க வேண்டும். எத்தனை கண்கள் என்பதை நாம் தீர்மானிக்கலாம். தூக்கும் துண்டு 45.3 செ.மீ.; மற்றக் கண் ஒன்று 11.4 செ.மீ. பக்கத்துக்கு இரண்டு கண்கள் வைத்தால் மொத்தம் 91 செ.மீ. ஆரம் 40 என்றால் நேர்பாதை 90 செ.மீ.தான், ஒரே ஒரு செ.மீ. குறைவாக இருப்பதால் பாலம் அடங்காது. ஆரம் 32 என்றால் 106 செ.மீ. கிடைக்கும், பாலம் போக இரு முனைகளிலும் கரைக்கென 7.5 செ.மீ. மிஞ்சும். ஆரம் 28 என்றால் பக்கத்துக்கு மூன்று கண்கள்கூட வைக்கலாம். ஆனால் பாலம் முடிந்த இடத்திலேயே வளைவு தொடங்கும், இரண்டு மடங்கு விதியும் மீறப்படும். விவாதித்து 32இல் நின்றார்கள். அந்த எண்ணை நான் தரவில்லை என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

மறுபக்கம் நிலையம்

எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒற்றைப் பாதையில் கடக்க வேண்டுமானால் நிலையத்தில் லூப் லைன் வேண்டும். புதிய பாதைகளில் இரு தடங்களின் மையங்களுக்கிடையே 5.3 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் ரயில்வேயின் அளவு. 1:160இல் இது 3.3 செ.மீ.

பாதை பிரியும் இடத்தை ரயில்வேக்காரர்கள் பாயிண்ட் என்பார்கள். நம் ரயில்வேயில் 8.5க்கு 1 என்ற அளவில் பிரியும் பாயிண்ட் மிகப் பரவலானது. 8.5 மீட்டர் போனால் 1 மீட்டர் விலகும். இதையே மேசையில் வைத்தால் 3.3 செ.மீ. விலக 28 செ.மீ. போக வேண்டும். இரு முனைகளுக்கும் சேர்த்து 56 செ.மீ.; 106இல் பாதிக்கு மேல் போய்விடும். மாதிரிப் பாதைகளில் 15 டிகிரி கோணத்தில் பிரியும் பாயிண்ட் கிடைக்கிறது. டேன் 15° மதிப்பு 0.268 என்பதால் 12.3 செ.மீ.யிலேயே தேவையான விலகல் வந்துவிடும். மறுபடி நேராகத் திரும்பும் வளைவையும், பக்கத்து வண்டியில் உரசாமல் நிற்க வேண்டிய இடைவெளியையும் சேர்த்து முனைக்கு 20 செ.மீ. என்று ஒதுக்கினோம். 106இல் 40 போக, வண்டி நிற்க 66 செ.மீ.

எஞ்சினுக்கு 13 செ.மீ. என்று வைத்தால், மூன்று பெட்டிகளோடு வண்டியின் நீளம் 57 செ.மீ. நான்கு பெட்டிகளானால் 72 செ.மீ. ஆகி வால் வெளியே நிற்கும். எதிரே வரும் வண்டி கடக்க முடியாது. 22 பெட்டி எக்ஸ்பிரஸ் கேட்டவர்கள் இப்போது மூன்றாவது பெட்டி அடங்கியதற்குக் கைதட்டினார்கள். கையில் உள்ள இடத்தை முழுதாக அறிந்த பிறகு கிடைப்பது ஏமாற்றமாகத் தெரிவதில்லை.

எட்டு வடிவம் ஏன் வேண்டாம்?

மேலே ஏறிக் கடக்கும் பாதையை விட்டுவிட மாணவர்களுக்கு மனம் வரவில்லை. அதையும் கணக்கிட்டோம். கீழே வண்டி போக இடமும் மேல்பாதையின் தடிமனும் சேர்த்து 5 செ.மீ. உயரம் வேண்டும். சரிவு 40க்கு 1 என்று வைத்தால் ஏற 200 செ.மீ., இறங்க 200 செ.மீ. இது மென்மையான சரிவு அல்ல. கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் போர் கணவாயில் 37க்கு 1 சரிவில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் வைத்துத் தள்ளுகிறார்கள்.

மையங்களுக்கிடையே 106 செ.மீ. உள்ள, 32 செ.மீ. ஆரமுடைய இரண்டு வட்டங்களுக்குக் குறுக்குத் தொடுகோடுகள் வரைந்தால் எட்டு வடிவம் வரும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதன் முழு நீளத்தை ஏறத்தாழ 453 செ.மீ. என்று கண்டார்கள். நூலை வைத்து அளந்தும் சரிபார்த்தார்கள். ஏற்றமும் இறக்கமும் போக மீதி 53 செ.மீ. நிலையம் ஏறத்தாழச் சமதளத்தில் இருக்க வேண்டும். உண்மையான நிலையங்களிலேயே 400க்கு 1ஐவிடக் கூடுதல் சரிவு அனுமதிக்கப்படுவதில்லை. அந்த 53இல் இரண்டு பாயிண்டுகளுக்கே 40 போனால் மிஞ்சுவது 13 செ.மீ. எஞ்சின் மட்டும் நிற்கலாம். எட்டு வடிவத்தைப் பட்டியலிலிருந்து அடித்தவன் அதை முதலில் கேட்டவனேதான்.

காகிதத்தில் ஓட்டிப் பார்த்தல்

திட்டம் முடிந்ததும் அதை 1:10 அளவில் கிராஃப் தாளில் வரைந்தார்கள். பிறகு சார்ட் தாள்களை ஒட்டி, மேசை அளவிலேயே முழுப் பாதையையும் வரைந்தார்கள். அட்டைப் பெட்டிகளை அதன்மேல் நகர்த்தினால் ஒன்று புலப்படும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் நகர்கிறது. முனைகள் வெளியே நீட்டுகின்றன. பெட்டியின் இரு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கிடையே 14.9 மீட்டர், 1:160இல் 9.3 செ.மீ. இது 32 செ.மீ. ஆர வட்டத்தின் ஒரு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லுக்குள்ள தூரத்தைப் பிதாகரஸ் தேற்றத்தால் கண்டால் 3.4 மி.மீ. முனை ஏறத்தாழ 5 மி.மீ. வெளியே போகும். பெட்டியின் பாதி அகலம் 1 செ.மீ. ஆகவே வளைவில் குகைச் சுவரோ கம்பமோ மையக்கோட்டிலிருந்து 2 செ.மீ.க்குள் இருக்கக் கூடாது. வட்டத்தின் நாண் எதற்குப் பயன்படும் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

வேகத்தையும் விடவில்லை. மணிக்கு 60 கி.மீ. என்பது 1:160இல் வினாடிக்கு 10.4 செ.மீ. எங்கள் பாதையின் ஒரு சுற்று 413 செ.மீ.; ஏறத்தாழ 40 வினாடிகள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மாணவன் அட்டை வண்டியை நகர்த்தினான். மற்றவர்கள், "மெதுவா, மெதுவா" என்றார்கள். சிறிய வண்டி எவ்வளவு மெதுவாகப் போனால் உண்மையாகத் தெரியும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

வகுப்புக்கு ஏற்றபடி

தொடக்க வகுப்புகளில் கணக்கீடு வேண்டாம். தீப்பெட்டிகளைப் பெட்டிகளாகவும் நூலைப் பாதையாகவும் வைத்து, "இந்த மேசையில் எத்தனை பெட்டி வண்டி திரும்பும்?" என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு வைத்துப் பார்க்கலாம். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு உயரம், பெட்டி, பாலம் ஆகியவற்றின் அளவு மாற்றம் போதும். எட்டாம் வகுப்புக்கு வில்லின் நீளமும் பிதாகரஸ் தேற்றமும், ஒன்பது, பத்துக்குக் கோணமும் சாய்வும் தொடுகோடும் பொருந்தும். உங்கள் ஊரில் பாம்பன் பாலம் இல்லாவிட்டால் பக்கத்து ரயில் நிலையத்தையோ, ஆற்றுப் பாலத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் நேரில் பார்த்த ஒன்றாக இருப்பது முக்கியம்.

பின்னர் யாராவது உண்மையிலேயே வண்டி வாங்க முன்வந்தால், இந்தத் திட்டத்தாளே வாங்கும் பட்டியலாகிவிடும். நேர்பாதை எத்தனை செ.மீ., வளைவு எந்த ஆரம், பாயிண்ட் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இந்தப் பாதைகளில் 12 வோல்ட் அளவிலான குறைந்த மின்னழுத்தமே ஓடுகிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைக்கவே கூடாது என்பதையும் தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டுக்கு நான் வைப்பது ஒரே கேள்வி: "நீங்கள் விரும்பியவற்றுள் எதை விட்டீர்கள்? எந்த எண் அதை விடச் சொன்னது?" விடைத்தாளில் எதுவும் எழுதாமல் தருபவர்கள்கூட இதற்கு அரைப் பக்கம் எழுதுகிறார்கள். அந்த மீனவர் மகள் எழுதியது இரண்டே வரிகள். கண்களின் எண்ணிக்கையை விட்டோம், ஏனென்றால் 106. தூக்கும் துண்டை விடவில்லை, ஏனென்றால் படகு போக வேண்டும்.